சரோஜாவின் பார்க்கிங் அறிவிப்பு

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட கையோடு வீட்டுக் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். இடம் நிரம்பிவிட்டது, இடம் நிரம்பிவிட்டது என்று அது புலம்ப ஆரம்பித்து ரொம்ப நாளாகிவிட்டது.

முதலில் மாட்டியது ஒரு ரோஜாப்பூ. ‘இனிய காலை வணக்கம்’ என்று எழுதிய ரோஜாப்பூ. யார் அனுப்பியது? போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு எப்போது குடியேறியது? தெரியாது. அழி என்றேன்.

உடனே திரை நடுவில் ஒரு பெட்டி. என் கம்ப்யூட்டருக்கு மலாய் மட்டும்தான் தெரியும். மகள் பள்ளியில் படித்தபோது அப்படிச் செய்துவைத்தாள். அவள் கல்யாணமாகி ஜொகூர் போய்விட்டாள், மலாய் மட்டும் இங்கேயே இருக்கிறது. ‘அண்டா பஸ்தி?’ என்று கேட்டது. நிச்சயம்தானா என்று. கீழே இரண்டு பொத்தான். ஆமாம் என்றால் ‘யா’. வேண்டாம் என்றால் ‘திடாக்’.

ஒரு ரோஜாப்பூவுக்கு இவ்வளவு விசாரணையா? யா என்றேன். அடுத்து, யார் முகமும் தெரியாத ஒரு கல்யாண மண்டபப் போட்டோ. அண்டா பஸ்தி? யா. எப்போதோ கட்டி முடித்த தண்ணீர் பில். அண்டா பஸ்தி? யா, யா... என் கல்யாணத்தின்போதுகூட யாரும் என்னிடம் இத்தனை தடவை கேட்கவில்லை.

அப்புறம் அந்தப் பெயர் வந்தது. ‘கோயில் பைனல் பெத்துல்’.

பெத்துல் என்றால் சரியானது. பைனல் என்று ஒரு பைலுக்குப் பெயர் வைத்து, அதற்குப் பிறகும் ஒரு திருத்தம் செய்து, இதுதான் சரியான பைனல் என்று காட்ட என் மனைவி சரோஜா வைத்த பெயர் அது. சரோஜா போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அந்த பைலில் இருப்பது அவள் குரல். அதை அழிப்பதாக நான் கோயில் கமிட்டிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

குருண் என்ற ஊருக்கு வெளியே, நாங்கள் பிறந்து வளர்ந்த எஸ்டேட்டில் ஒரு மாரியம்மன் கோயில். எஸ்டேட்டில் இன்று குடியிருப்பவர்கள் சொற்பம். மற்றவர்கள் சுங்கை பட்டாணி, பட்டர்வொர்த், கோலாலம்பூர் என்று பிரிந்து போய்விட்டார்கள். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை, திருவிழா அன்று, எல்லோரும் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். எங்கே என்ன மாறியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒலிபெருக்கி சொல்வதுதான் வழி.

அந்த ஒலிபெருக்கியில் சொல்வது சரோஜா. அவள் தடிகா டீச்சர், அதாவது பாலர் பள்ளி ஆசிரியை. கூட்டத்தில் பாதிப் பேர் சின்ன வயதில் அவளிடம் படித்தவர்கள். காலணிகளை வெளியே விடுங்கள், வரிசையில் முந்தாதீர்கள், காரைக் கொண்டுபோய்ப் பாடாங் திடலில் நிறுத்துங்கள் என்று எல்லாவற்றையும் சில வருஷங்களுக்கு முன்பு இந்த மேஜையில் உட்கார்ந்து பதிவு செய்தாள். அதைத்தான் வருஷா வருஷம் போடுவார்கள். மீசை வைத்த ஆம்பிளைகள் அந்தக் குரலைக் கேட்டுச் சமர்த்தாக வரிசையில் நிற்பதை நான் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

போன வருஷமும் போட்டார்கள். அவள் இல்லாத முதல் திருவிழா. “இடது பக்கம் திரும்பி, பாடாங்கில் நிறுத்துங்கள்” என்றாள். திரும்பினார்கள். அங்கே பாடாங் இல்லை. நாங்கள் பந்து விளையாடிய அந்தத் திடலில் ஒரு கிலாங் எழும்பி, வேலி போட்டு, வாசலில் ஜாகா நின்றுகொண்டிருந்தார். தொழிற்சாலைக் காவலாளி பாவம், கையைக் கையை ஆட்டுகிறார். யார் கேட்டார்கள்? டீச்சர் சொல்லிவிட்டாரே! வரிசை வரிசையாகக் கார்கள் வேலி வரைக்கும் போய் மாட்டிக்கொண்டன. பின்னால் எடுத்த ஒரு கார், பால்குடம் பார்க்க ஓடிவந்த ஒரு பெண் குழந்தையை உரசிக்கொண்டு நின்றது. அடி ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தாய் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது.

இந்த வருஷம் கமிட்டிச் செயலாளர் பாலா, தானே பேசிப் புதிதாகப் பதிவு செய்தார். பழையது எங்கேயும் இருக்கக் கூடாது என்று முடிவாயிற்று. கமிட்டி பைல் எல்லாம் இருப்பது என் கம்ப்யூட்டரில்தான். ஆளாளுக்கு வந்து பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போவார்கள். மறுபடியும் யாராவது மாற்றி எடுத்துவிட்டால்? அழித்துவிடுகிறேன் என்று கூட்டத்தில் நானேதான் சொன்னேன்.

சொல்லிவிட்டு வந்து... இதோ, பெட்டி கேட்கிறது. அண்டா பஸ்தி?

வீட்டில் சரோஜாவின் குரல் வேறு எதிலும் இல்லை. கல்யாண வீடியோவில் அவள் பேசவே இல்லை, முழுக்க நாதஸ்வரம். அவளுடைய போன் உயிரை விட்டபோது அதில் இருந்ததெல்லாம் அதோடு போயிற்று. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது செருப்பும் பார்க்கிங்கும்தான். அதிலும் என்னை அவள் ‘பக்த கோடிகளே’ என்றுதான் கூப்பிடுகிறாள். இருந்தாலும் காலையில் கோப்பி குடிக்கும்போது அதைப் போட்டுக் கேட்பேன். பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று யோசித்தேன். ரோஜாப்பூவுக்குக் கேட்கிறார்கள், தண்ணீர் பில்லுக்குக் கேட்கிறார்கள். அவள் விஷயத்தில் யாராவது கேட்டார்களா? சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். அவ்வளவுதான். ஒரு பெட்டி வந்து கேட்டிருந்தால் உயிர் இருக்கிறவரை திடாக், திடாக் என்று அமுக்கியிருப்பேனே...

வாசலில் பைக் சத்தம். பாலா, புதுப் பதிவை ஏற்றிவைக்க வந்திருந்தார். திரையைப் பார்த்தார்.

“என்ன அண்ணே, இன்னும் அழிக்கலியா?”

“கேக்குதுப்பா.”

“என்ன கேக்குது?”

“பஸ்தியான்னு கேக்குது.”

பாலா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“என்கிட்டயும் கேட்டுச்சு அண்ணே, பென் டிரைவ்ல. ஒரு வாரம் அப்படியே வச்சிருந்தேன். எனக்கு அ, ஆ சொல்லிக் குடுத்ததே டீச்சர்தான். எப்படி அமுக்குறது?” என்றவர், தானே மௌஸை வாங்கி, ‘திடாக்’கை அமுக்கினார். “முழுசா எதுக்கு அழிக்கணும்? செருப்பு மாறல, வரிசை மாறல. பார்க்கிங் மட்டும்தான மாறியிருக்கு. அத மட்டும் வெட்டிடலாம்லா.”

நியாயம்தான். ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. பார்க்கிங்குக்கு நடுவில்தான் நான் இருக்கிறேன்.

ஒலியைக் கூட்டிப் போட்டுக் காட்டினேன். “இடது பக்கம் திரும்பி...” என்கிறாள் சரோஜா. பின்னால், சமையலறையிலிருந்து என் குரல். “சரோ, கோப்பி ஆறுது.” ஒரு சின்ன அமைதி. பிறகு, “பாடாங்கில் நிறுத்துங்கள்” என்று முடிக்கிறாள். அந்த முடிப்பில் ஒரு சிரிப்பு இருக்கிறது. பக்த கோடிகளுக்கு அது கேட்காது. அது எனக்கான சிரிப்பு. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இருக்கிற ஒரே இடம் அதுதான்.

பாலா குனிந்துகொண்டார். “அந்தத் துண்ட மட்டும் தனியா காப்பி எடுத்து வச்சிக்கிறீங்களா அண்ணே? கமிட்டிக்கு நான் சொல்லல.”

ஆசைதான். கொள்ளை ஆசை. ஆனால் சரோஜா இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள்? பிள்ளைகளுக்குத் தப்பான பாதை காட்டுகிற வாக்கியத்தை முதல் வேலையாக அவளே அழித்திருப்பாள். அதில் யார் சிரித்திருந்தாலும் சரி. வீட்டில் வைத்திருந்தால் என்றைக்காவது அது வெளியே போகும். உரசி நின்ற அந்தக் கார் அடுத்த தடவையும் நிற்கும் என்று என்ன நிச்சயம்?

“வேணாம்ப்பா. வெட்டு” என்றேன்.

பாலா வெட்டினார். பெட்டி வந்தது. மௌஸை என் பக்கம் தள்ளினார். யா என்றேன். குப்பைத் தொட்டியையும், பாலாவின் பென் டிரைவில் இருந்த பழையதையும் காலி செய்யச் சொன்னேன். அதற்கும் கேட்டது. அதற்கும் யா என்றேன்.

போன ஞாயிறு திருவிழா. வெட்டியது போதும் என்று கமிட்டியும் ஒத்துக்கொண்டது. பார்க்கிங்கை பாலா சொன்னார். கமறுகிற குரல்தான், ஆனால் சரியான இடம். ஒரு கார்கூட வேலிப் பக்கம் போகவில்லை. பிள்ளைகள் ஓடித் திரிந்தார்கள். நிம்மதியாக இருந்தது. அதே நேரம் அங்கே நிற்க முடியவில்லை. அவள் போனதிலிருந்து கோயிலில் நான் கை நனைத்ததில்லை. பூஜை முடிந்ததும் நழுவிவிடுவேன். அன்றும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசல் வளைவு வரைக்கும் வந்துவிட்டேன்.

தலைக்கு மேலே ஒலிபெருக்கி. “அன்னதானம் தொடங்கிவிட்டது. சாப்பிடாமல் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது” என்றாள் சரோஜா.

எனக்கு மனப்பாடமான வரிதான். கோப்பி மேஜையில் கேட்டபோது அது ஊருக்குச் சொன்னதாக இருந்தது. அத்தனை சனத்துக்கு நடுவில் நின்று கேட்டபோது, அது எனக்குச் சொன்னதாக இருந்தது. எனக்கு அவள் வேண்டும் போலிருந்தது. வேறெதுவும் வேண்டாம், அவள் மட்டும். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு தடிமனான ஆள், “டீச்சர் சொல்லிட்டாங்க, வாங்க” என்று தன் மனைவியைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார். நானும் திரும்பினேன்.

இலை போட்டார்கள். சாம்பார், ரசம், அப்பளம், எல்லாம் சாப்பிட்டேன். பாயசத்தை இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினேன்.

என் மாதிரி சர்க்கரை வியாதிக்காரனுக்கு ஒரு கரண்டி போதும் என்பதை மட்டும் அவள் பதிவு செய்துவைக்கவில்லை.