ரம்புத்தான் மரத்துக் கம்பியில் வந்த சத்தம்

1957 அக்டோபர் மாதம். மலாயா சுதந்திரம் அடைந்து ஒரு மாதமும் சில நாட்களும்தான் ஆகியிருந்தன. மலாக்கா கடைத்தெருவில் மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்குக் கட்டிய தோரணங்கள் மழையில் சாயம் போய் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். எனக்கு இருபத்தேழு வயது. அவள் ஏழு மாதக் கர்ப்பிணி.

டவுனில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு மெக்கானிக் வேலை. யாரோ யாரையோ கூப்பிடுவார்கள். நான் பார்க்கிற ரிலேக்கள் டக் டக்கென்று அடித்து இருவரையும் இணைக்கும். பகல் முழுவதும் மற்றவர்கள் பேசுவதற்கு வழி செய்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் எனக்கென்று ஏதாவது கேட்க வேண்டும் போலிருக்கும். அதனால்தான் ரேடியோ செட் செய்கிற பைத்தியம் பிடித்தது. தெங்கேராவில் ஒரு பழைய சாமான் கடையில் பட்டாளத்தார் விட்டுப்போன வால்வுகளும் காயில்களும் கிடைக்கும். அவற்றை ஒரு பலகையில் அறைந்து, இரண்டு வால்வு வைத்து ஒரு செட் செய்திருந்தேன். அதற்குப் பெட்டி கிடையாது. என் மனைவி அதைப் பார்த்து, "இது ரேடியோவா? கோழிய உரிச்சு வச்ச மாதிரி இருக்கு" என்பாள். ஆனால் அந்தக் கோழியில் எனக்கு லண்டன் கேட்டது, கொழும்பு கேட்டது, பெயர் தெரியாத ஊர்களெல்லாம் கேட்டன.

அந்த மாதம்தான் ரஷ்யாக்காரர்கள் ஸ்புட்னிக்கை வானத்துக்கு அனுப்பினார்கள். மனிதன் செய்த நிலா என்று பத்திரிகையில் போட்டிருந்தது. காலை கோப்பிக்கடையில் அதைப் படித்த நான் உட்காரவே மறந்துபோனேன். தொண்ணூற்றாறு நிமிடத்தில் பூமியை ஒரு சுற்று சுற்றுகிறதாம். எந்த அலைவரிசையில் கூப்பிடுகிறது என்றும் எழுதியிருந்தார்கள். அது என் செட்டுக்கு எட்டக்கூடிய அலைவரிசைதான். ஏரியல் கம்பியை மட்டும் இன்னும் நீளமாக, இன்னும் உயரமாகக் கட்ட வேண்டும்.

எங்கள் சுற்றுவட்டாரத்தில் உயரமான மரம் பக்கத்து வீட்டு ரம்புத்தான். அந்த வீட்டு அம்மா மலாக்காச் செட்டி வம்சம், பல தலைமுறைக்கு முன் வந்து மலாய்ப் பழக்கத்தோடு கலந்துவிட்ட தமிழர்கள். நெற்றியில் திருநீறு, உடம்பில் மலாய்ப் பெண்களைப்போலக் கெபாயாவும் சாரோங்கும், வாயில் மலாய். தமிழில் சாமி பெயர்களும் சில சொற்களும்தான் தெரியும். நாங்கள் அவரை அத்தை என்பதுபோல மலாயில் மக்சிக் என்று கூப்பிடுவோம். கணவர் இல்லை. ஒரே மகன் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக இருந்து, தோட்டத்துச் சாலையில் காட்டுக்காரர்கள், அதாவது காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்ட்டுகள், சுட்டதில் இறந்துபோனான் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதற்கு மேல் அவரைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள நான் முயன்றதில்லை.

அவர் கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து மரத்தில் ஏறிக் கம்பியைக் கட்டினேன். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அது கேட்டது. இரைச்சலுக்குள்ளிருந்து பீப், பீப், பீப் என்று சின்னதாக, ஒழுங்காக ஒரு சத்தம். சில நிமிடத்தில் தேய்ந்து மறைந்தது. தொண்ணூற்றாறு நிமிடம் கழித்து மறுபடி வந்தது. அன்றிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரத்தைக் குறித்துவைக்கத் தொடங்கினேன். மனைவியிடம்கூட, "சும்மா ஒரு ஸ்டேஷன்" என்று மட்டும் சொன்னேன். வானத்திலிருந்து வருகிறது என்றால் சிரிப்பாள் என்று ஒரு வெட்கம்.

அந்தச் சத்தம் பலகைச் சுவரைத் தாண்டிப் போகிறது என்றோ, கேட்கிறவர்களுக்கு அது தந்தி அடிப்பதுபோல இருக்கும் என்றோ எனக்குத் தோன்றவே இல்லை. அவசரகாலச் சட்டம் அப்போது இன்னும் எடுக்கப்படவில்லை. மலாக்கா பக்கம் கெடுபிடி தளர்ந்திருந்தாலும், காட்டுக்குள் இருப்பவர்களோடு தொடர்பு என்று சந்தேகம் வந்தால் போதும், விசாரணையில்லாமல் உள்ளே போட்டுவிடலாம்.

ஒரு வாரம் போயிருக்கும். அன்று ஆறே முக்காலுக்குச் சத்தம் வந்து அடங்கியது. நோட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தேன். வாசலில் ஒரு போலீஸ் சார்ஜன். மலாய்க்காரர், நாற்பது வயதிருக்கும். அவருக்குப் பின்னால் ஒரு கான்ஸ்டபிள். அவர்களுக்கும் பின்னால் தலையைக் குனிந்தபடி மக்சிக்.

சார்ஜன் சத்தம் போடவில்லை. உள்ளே வந்தார். பலகையில் பரப்பிக் கிடந்த செட்டைப் பார்த்தார். சன்னல் வழியே போகிற கம்பியைப் பார்த்தார். நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நாள், மணி, நிமிடம், பக்கத்தில் நான் போட்ட குறிகள். என் கண்ணுக்கே அது ரகசியச் சங்கேதம்போலத் தெரிந்தது.

"யாருக்கு அனுப்புறே?" என்று மலாயில் கேட்டார்.

"அனுப்பலை தூவான். இதுல அனுப்பவே முடியாது. கேக்க மட்டும்தான் முடியும்" என்றேன். மலாயில் ஐயா என்பதற்குத் தூவான்.

"லைசென்ஸ்?"

கடையில் வாங்கிய ரேடியோவுக்கு லைசென்ஸ் இருந்தது. நானே செய்த இதற்கு எடுக்கவில்லை. இத்தனைக்கும் நான் டெலிகம்ஸ் இலாகாவிலேயே வேலை செய்கிறவன். வேலை போய்விடும் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

என் மனைவி சமையற்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னங்க, என்ன கேக்குறாங்க? என்ன செஞ்சு வச்சீங்க?" என்றாள் தமிழில். நான் சார்ஜனிடம் ஸ்புட்னிக்கைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். ரஷ்யா, ராக்கெட், நிலா, தொண்ணூற்றாறு நிமிடம். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்போல இருந்தது.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "பத்து பெரெண்டாம்ல ஏர்போட் இருக்கு. அங்கேருந்து வர்ற சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டு வானத்துலேருந்து வருதுங்கிறியா?" என்றார்.

"ஏர்போட்டுன்னா எப்பவும் கேக்கணும் தூவான். இது எட்டு இருபது வாக்கில் திரும்ப வரும். நீங்களே கேளுங்க."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டுச் செட்டின் முன்னால் உட்கார்ந்தார். "சரி. ஆனா நீ கிட்ட வரக் கூடாது. கையை முட்டி மேல வச்சு அங்க உக்காரு. நான்தான் திருப்புவேன்."

நான் சுவரோரம் உட்கார்ந்தேன். கான்ஸ்டபிள் வாசலில் நின்றார். மக்சிக் வீட்டுக்குப் போகாமல் உள்ளே வந்து ஒரு மூலையில் பாயில் உட்கார்ந்துகொண்டார். என் மனைவி எல்லாருக்கும் கோப்பி கலக்கிக் கொடுத்தாள். பயத்திலும் உபசரிப்பை அவள் விடவில்லை.

அந்த ஒன்றரை மணி நேரம்போல ஒன்றை நான் அதற்கு முன்னும் பின்னும் கடந்ததில்லை. எனக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும். அது சுற்றி வருவதற்குள் பூமியும் திரும்பிவிடும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் அது நம்மை விட்டு மேற்கே விலகிப் போகும். இரண்டாவது சுற்று சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது. அன்று எப்படி என்று எனக்குத் தெரியாது. இதைச் சொன்னால் தப்பிக்க வழி தேடுகிறேன் என்று நினைப்பார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

எட்டேகாலுக்கு வால்வுகள் சூடேறட்டும் என்று சொல்லி, செட்டைப் போடச் சொன்னேன். எந்தக் குமிழை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று இருந்த இடத்திலிருந்தே சொன்னேன். துப்பாக்கி பிடித்துத் தடித்துப்போன விரல்கள்; ஆனால் மெதுவாகத் திருப்பினார். இரைச்சல் வந்தது. எங்கிருந்தோ ஒரு பாட்டின் நூல் வந்து அறுந்தது. மறுபடி இரைச்சல்.

எட்டு இருபது ஆனது. இல்லை. எட்டு இருபத்திரண்டு. இல்லை. இருபத்தைந்துக்குச் சார்ஜன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"சட்டையைப் போட்டுக்கிட்டு கெளம்பு" என்றார்.

என் மனைவி விசும்பத் தொடங்கினாள். நான் எழுந்தேன்.

அப்போது மூலையிலிருந்து மக்சிக் மலாயில் பேசினார். சார்ஜனிடம் இல்லை, என்னிடம்.

"தம்பி, நான்தான் ஸ்டேஷன்ல போய்ச் சொன்னேன். என் மரத்துல கேக்காம கம்பி கட்டினே. சாயங்காலம் ஆனா டிக் டிக்குன்னு சத்தம். என் மகனைச் சுட்டவங்களுக்கு நீ தந்தி அடிக்கிறேன்னு நெனச்சேன். எத்தனை நாள் தூங்காம இருந்தேன் தெரியுமா?"

அந்தச் சத்தத்தை நான் ஆனந்தமாகக் கேட்டுக்கொண்டிருந்த அதே நேரம், ஒரு பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தாய் அதைக் கேட்டு உடம்பு பதறி உட்கார்ந்திருந்திருக்கிறாள். மரத்தில் ஏறுவதற்கு முன் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"தப்புதான் மக்சிக்" என்றேன். "எதுக்குக் கட்டுறேன்னு உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

அவர் சார்ஜனைப் பார்த்து, "இன்னும் அஞ்சு நிமிஷம் இருங்க. அது நிசமா பொய்யான்னு எனக்கும் தெரியணும்" என்றார்.

சார்ஜன் மறுபடி உட்கார்ந்து குமிழில் கை வைத்தார். நான், "கொஞ்சம் இடது பக்கம் தூவான்... மயிரிழை அளவு" என்றேன்.

அவருடைய விரல்களுக்கடியில் அது வந்தது.

முதலில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு. பிறகு தெளிவாக. பீப், பீப், பீப். சார்ஜன் சூடு பட்டவர்போலக் கையை எடுத்துவிட்டார். சத்தம் நிற்கவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் இரண்டு கைகளும் வெறுமையாக இருந்தன. மறுபடி செட்டைப் பார்த்தார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் உள்ளே வந்துவிட்டார். என் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு வயிற்றில் கை வைத்தபடி நின்றாள். சத்தம் வளர்ந்து, அறை முழுக்க நிறைந்து, பிறகு சுருதி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நம்மைக் கடந்து போகிறது என்பது காதுக்கே தெரிந்தது. மூன்று நான்கு நிமிடம் இருக்கும். இரைச்சலுக்குள் அது கரைந்துபோன பிறகும் நாங்கள் அசையாமல் இருந்தோம்.

"இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார் சார்ஜன். குரல் மாறியிருந்தது.

"எப்படியும் நூத்துக்கணக்கான மைல் போயிருக்கும் தூவான். இன்னும் கொஞ்ச நேரத்துல நமக்குப் பேர்கூடத் தெரியாத நாட்டு மேல போகும்."

அவர் எழுந்து வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். நாங்களும் பின்னால் போனோம். அங்கே ஒன்றும் தெரியவில்லை. மேகத்துக்கு நடுவே சில நட்சத்திரங்கள்தான். அவர் நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் ரோட்டுல மறிச்சு ஆளுங்ககிட்ட ஐ.சி., அடையாளக் கார்டு கேக்குறேன். பத்து மைல் போறதுக்கு ஐ.சி. காட்டணும். இது யார்கிட்டயும் ஒண்ணும் காட்டாம உலகத்தையே சுத்திட்டு வருது."

மக்சிக் கைகூப்பினார். சாமிக்கா, அதற்கா என்று நான் கேட்கவில்லை. "அதுக்குள்ள யாராவது இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "பாவம், தனியா கூப்பிட்டுக்கிட்டே போகுது" என்றார்.

சார்ஜன் உள்ளே வந்து என் நோட்டைத் திறந்தார். அன்றைய தேதிக்கு நேராக நேரத்தை எழுதி, பக்கத்தில் மலாயில் 'நான் கேட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "நாளைக்குக் காலையில முதல் வேலையா லைசென்ஸ் எடுத்துடு. நான் வந்து பார்ப்பேன்" என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

லைசென்ஸ் எடுத்தேன். மறுநாள் சாயங்காலம் அவர் வந்தது சாரோங்கும் சட்டையுமாக, மனைவியையும் அழைத்துக்கொண்டு. லைசென்ஸைப் பற்றிக் கேட்கவே மறந்துவிட்டார். அதற்குள் மக்சிக் போய் அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் சொல்லிவிட்டிருந்தார். செட்டிகள், சீனர்கள், மலாய்க்காரர்கள், நம் ஆட்கள் என்று வீடு கொள்ளாமல் வாசல் வரை நின்றார்கள். நான் மணி சொன்னேன். எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். அது வந்தபோது இருபது முப்பது பேர் ஒன்றாக மூச்சை இழுத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த மாதக் கடைசியில் அதன் பேட்டரி தீர்ந்து சத்தம் நின்றுபோனது. அன்றும் எல்லாரும் வந்து காத்திருந்தார்கள். வெறும் இரைச்சலைக் கேட்டுவிட்டு, சாவு வீட்டிலிருந்து போவதுபோலக் கலைந்தார்கள். டிசம்பரில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முதலில் தூக்கியவர் மக்சிக்.

அதன் பிறகு அதே இலாகாவில் எத்தனையோ புதிய கருவிகள் வந்தன. என் கையாலேயே பொருத்தினேன். எதைப் பொருத்தினாலும் பக்கத்தில் இருப்பவர்களிடம் இது என்ன, எதற்கு என்று முதலில் சொல்லிவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மனிதன் வானத்தில் ஒரு பொருளைச் சுற்றவிட்டது பெரிய அதிசயம்தான். ஆனால் ஒருவரைப் பார்த்து ஒருவர் பயந்துகொண்டு ஓர் அறைக்குள் உட்கார்ந்திருந்த நாங்கள், அந்தச் சில நிமிடம் பயத்தை மறந்து ஒரே சத்தத்தைக் கேட்டோமே, அதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.