பத்தாம் ஸ்தலம் செங்கோல்மேரி வீட்டில்

செங்கோல்மேரி பிறந்தது தேவகோட்டைக்குத் தெற்கே, மழையை மட்டும் நம்பிக் கிடக்கிற ஒரு ஊரில். கல்யாணமான சூட்டோடு புருஷன் ஆரோக்கியராஜோடு திருப்பூருக்குப் பஸ் ஏறினவள். அவன் சாயப்பட்டறையில் சேர்ந்தான். இவள் அவிநாசி ரோட்டை ஒட்டின ஒரு பனியன் கம்பெனியில் தைக்கிறவர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்குப் போய், கொஞ்ச நாளில் மிஷினில் உட்கார்ந்து, கழுத்துப்பட்டி அடிப்பதில் பேரெடுத்தாள். அதைவிடப் பெரிய பேர் ஒன்று இருந்தது. யாருக்கு என்ன வம்பு வந்தாலும் முன்னால் போய் நிற்பாள். லீவு கேட்கப் பயப்படுகிற பிள்ளைக்காக இவள் கேட்பாள். லைனில் யாராவது மயங்கி விழுந்தால் இவள்தான் மேனேஜர் ரூமுக்கு ஓடுவாள். "எங்க மேரியக்கா இருக்காக" என்று பிள்ளைகள் சொல்லும்போது அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருக்கும். மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை, அந்தக் குளிர்ச்சி அவளுக்குப் பிடித்திருந்தது.

வேல்விழியைக் கூட்டி வந்தவளும் அவள்தான். அதே ஊர். தகப்பன் செத்து, தாயும் பிள்ளையும் கூலிக்கு அலைந்துகொண்டிருந்த நேரம். வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பும் வழியில் ஊருக்குப் போன மேரி, "எங்கூட அனுப்புங்க, என் தங்கச்சி மாதிரி பாத்துக்கிறேன்" என்று தாயிடம் சொல்லி அழைத்து வந்தாள். ஒரே அறை வீட்டின் குறுக்கே பழைய சேலையைக் கட்டி, அந்தப் பக்கம் அவளைப் படுக்க வைத்தாள். பக்கத்தில் உட்கார வைத்துத் தையல் பழக்கினாள். பிள்ளை இல்லாத வீட்டில் அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆரோக்கியராஜ் வாங்கி வருகிற பரோட்டாவில் முதல் பங்கு அவளுக்குத்தான்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. மிஷினில் ஊசிக்கு முன்னால் விரல் போகாமல் தடுக்க ஒரு சின்னக் கம்பி இருக்கும், கார்டு என்பார்கள். வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வருகிற நாளில் எல்லா மிஷினிலும் கார்டு பளபளக்கும். அவர்கள் கார் கேட்டைத் தாண்டினதும் கழற்றிவிடுவார்கள். கார்டு இருந்தால் கை வேகமாக ஓடாது, பீஸ் குறையும் என்பது மேனேஜர் சாமியப்பனின் கணக்கு.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம், தீபாவளி ஆர்டர் முட்டி மோதிய சமயம், நாகஜோதி என்கிற பிள்ளையின் நகத்தைத் துளைத்துக்கொண்டு ஊசி இறங்கி உள்ளேயே முறிந்தது. அவள் போட்ட அலறலில் மொத்த லைனும் நின்றுபோனது. அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, "கவனமில்லாம தைச்சா இப்படித்தானுங்க ஆகும். மிஷினை ஓட்டுங்க" என்றார் சாமியப்பன்.

அன்று டீ நேரத்தில் பெண்கள் கூடிப் பேசினார்கள். மறுநாள் காலையில் கார்டு போடாமல் யாரும் மிஷினை ஓட்டக் கூடாது என்று முடிவாயிற்று. முன்னால் நின்று பேசுவது மேரி. "நீங்க எந்திரிச்சா நாங்க எல்லாரும் எந்திரிப்போம்க்கா" என்றாள் வேல்விழி. மேரியின் கழுத்தில் கிடந்த சிலுவையைக் கையில் பிடித்து, "உங்க சாமி மேல சத்தியம்" என்றாள்.

மறுநாள் மணி அடித்தது. மேரி எழுந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் நகரும் சத்தம்கூடக் கேட்கவில்லை. மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன.

சாமியப்பன் வந்தார். அவர் ஒரு நாளும் குரலை உயர்த்தாத மனுஷன்.

"ஏனுங்க மேரிம்மா, உடம்புக்கு முடியலீங்களா?"

"கார்டு போட்டாத்தான் தைப்போம் சார். எல்லாரும் சேந்து எடுத்த முடிவு."

"எல்லாருமா?" அவர் லைனைப் பார்த்தார். பிறகு வேல்விழியிடம் போனார். "நீ சொல்லு கண்ணு. நீயும் அந்த முடிவுல இருக்கறயா?"

வேல்விழி துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார். இந்தக்காதான் எல்லாரையும் தூண்டிவிடுறாங்க. வேணாம்னுதான் நான் சொன்னேன்."

ஊர்ப் பேச்சை விட்டுவிட்டு அவள் மேனேஜருக்குப் போட்ட அந்த 'ங்க'தான் மேரியின் காதில் முதலில் குத்தியது. அதற்குப் பிறகுதான் சொன்ன சொல் உறைத்தது.

அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது குறுக்கே கட்டியிருந்த சேலை அவிழ்ந்து கிடந்தது. வேல்விழி மத்தியானமே பெட்டியை எடுத்துக்கொண்டு கம்பெனி ஹாஸ்டலுக்குப் போயிருந்தாள். பொங்கல் கழிந்ததும் அவளையே அந்த லைனுக்குச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள் என்று கேள்வி.

மேரி ஏறாத கம்பெனி இல்லை. உட்காரவைத்துப் பீஸ் தைக்கச் சொல்வார்கள், நன்றாக இருக்கிறது என்பார்கள், பேரைக் கேட்பார்கள், உள்ளே போய்ப் போன் பேசிவிட்டு வந்து, "ஆள் போதுங்க" என்பார்கள். கடைசியில் கட்டிங் வேஸ்ட் குடோனில் வேலை கிடைத்தது. வெட்டி எறிந்த துணித்துண்டுகள் மலையாகக் குவிந்திருக்கும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெள்ளை வேறு, கலர் வேறு என்று பிரிக்க வேண்டும். பஞ்சுத்தூசி மூக்கிலும் இமையிலும் படியும். கூட இருந்தவள் கருத்தம்மா என்கிற கிழவி. காது மந்தம், ஆகையால் பேச்சும் இல்லை. தான் தையல் பழக்கிவிட்ட பிள்ளைகள் கம்பெனி வேனில் போகும்போது மேரி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள்.

பூசைக்குப் போவதை நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை ஆரோக்கியராஜ் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பான். இவள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள்.

"அவரு மேல சத்தியம் பண்ணி என் கழுத்த அறுத்தவ சூப்பர்வைசரா இருக்கா. நான் குப்பை பொறுக்குறேன். அவருகிட்ட எனக்கு என்ன பேச்சு இருக்கு?"

ஆரோக்கியராஜ் தனியாகப் போய்விட்டு வருவான். அவளும் ஜெபமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. துணி பிரிக்கும்போது உதடு அசையும். அவ விழணும், நான் பாக்கணும். நாள் முழுக்க அது ஒன்றுதான் ஜெபம்.

ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான தவக்காலம் பிறந்த சமயத்தில் அந்த ஜெபம் கேட்கப்பட்டது போலத்தான் ஆயிற்று. அதே கம்பெனியில் இன்னொரு பிள்ளைக்கு விரல் போனது. இந்த முறை தகப்பன் சும்மா இருக்கவில்லை, புகார் கொடுத்தான். விசாரிக்க இன்ஸ்பெக்டர் வருவதாகப் பேச்சு அடிபட்டது. ஒரு நாள் வேஸ்ட் குடோன் வாசலில் வெள்ளைக் கார் வந்து நின்றது. சாமியப்பன் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"நல்லா இருக்கறீங்களா மேரிம்மா? பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். குடோனைச் சுற்றிப் பார்த்து, "இங்க நீங்க உக்காந்திருக்கறதைப் பாத்தா எனக்கே வயிறு எரியுதுங்க" என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார். இன்ஸ்பெக்டர் வருகிற திங்கட்கிழமை வந்து பழைய ஆட்களையும் விசாரிப்பார். கார்டைக் கழற்றினது யார் என்று கேட்பார். "அந்தப் புள்ள வேல்விழிதானுங்க பீஸ் ஏத்தறதுக்காக எனக்குத் தெரியாமக் கழட்டியிருக்குது. அப்பவே அப்படித்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அடுத்த நாளே உங்க மிஷின் உங்களுக்கு. சூப்பர்வைசர் எடமும் காலியாத்தானே கெடக்கும்?"

மேரிக்கு அந்த நிமிஷம் வெயிலில் அலைந்தவளுக்கு மோர் கொடுத்தது போல இருந்தது. "சொல்றேன் சார்" என்றாள்.

அன்று கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். தவக்காலத்தில் கறியா என்று ஆரோக்கியராஜ் பார்த்தான். விஷயத்தைச் சொன்னாள். அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"கழட்டச் சொன்னது அந்த ஆளு. ஒனக்கே தெரியும். பொய்யா சொல்லப் போற?"

"அவ சொன்னது மட்டும் நெசமா? அவளுக்கு ஒரு நாயம், எனக்கு ஒரு நாயமா?"

அவன் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்தான். பிறகு, "வெள்ளிக்கிழமை நம்ம தெருவுல சிலுவைப்பாதை. நம்ம வீட்டு வாசல்ல ஒரு ஸ்தலம் வைக்கச் சம்மதிச்சிட்டேன். எனக்கு அன்னைக்கு ஷிப்டு. நீதான் பாக்கணும்" என்றான். மேரி சண்டை பிடித்தாள். அவன் பாயை விரித்துப் படுத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லைன் வீடுகளின் நடுவே சிலுவை வந்தது. இயேசு சிலுவை சுமந்த பாடுகளைப் பதினாலு ஸ்தலமாகப் பிரித்து, வீடு வீடாக நின்று ஜெபிக்கிற ஊர்வலம். ஆளுயர மரச்சிலுவை. சாயப்பட்டறையிலிருந்து நேராக வந்தவர்கள், நகக்கண்ணில் நீலமும் சிவப்பும் இன்னும் போகாதவர்கள், மாறி மாறிச் சுமந்தார்கள். வீட்டுக்கு வந்த ஸ்தலத்தை அவமானப்படுத்தக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காக மேரி வாசலைத் தெளித்து, ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தாள். அது பத்தாம் ஸ்தலம். இயேசுவின் ஆடைகளை உரிக்கிற இடம். அந்தந்த வீட்டுக்காரர்தான் வாசிக்க வேண்டும் என்று அவள் கையில் தாளைக் கொடுத்தார்கள்.

வாசித்தாள். போர்ச்சேவகர்கள் உடுப்புகளைப் பங்கு போட்டது வந்தது. அவருடைய அங்கியில் மட்டும் தையலே இல்லை, மேலிருந்து கீழ் வரை ஒரே நெசவு, அதனால் கிழிக்க மனசில்லாமல் யாருக்கு என்று சீட்டுப் போட்டார்கள் என்பது வந்தது. சின்ன வயசிலிருந்து கேட்டதுதான். ஆனால் அன்று அவள் கை அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டது. பக்கத்தில் தையல் விழாமல் குழாயாக ஓடி வருகிற துணியை அவள் எத்தனை வருஷம் விரலால் தடவியிருக்கிறாள்! அதை ஒரு மனுஷன் உடம்பிலிருந்து, காயத்தில் ஒட்டின ரத்தத்தோடு உரித்தால் எப்படி வரும் என்று அவளுக்குத் தெரிந்தது.

இத்தனை மாதமும் அவள் தன்னை அவர் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருந்தாள். அவரையும் கூட இருந்தவன் காட்டிக்கொடுத்தான், என்னையும் காட்டிக்கொடுத்தாள். அவரை இன்னொரு சீடன் தெரியாது என்றான், இவளும் ஒண்ணும் தெரியாது என்றாள். அந்த இடத்தில் இப்போது வேறொன்று தெரிந்தது. திங்கட்கிழமை ஊரறிய ஒரு பெண்ணின் மானத்தை உரிக்கப் போகிறவள் யார்? அதில் விழும் பங்குக்குக் கை நீட்டிக்கொண்டு கீழே நிற்பவள் யார்? சிலுவையடியில் சீட்டுப் போடும் கூட்டத்தில் தன் முகத்தையே அவள் கண்டாள். அந்தக் கூட்டத்தையும் மன்னியும் என்றுதானே அவர் மேலேயிருந்து கேட்டார்? எனக்காகவும் கேட்டாரே. நான் பேசாமல் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்த நாளெல்லாம் கேட்டுக்கொண்டேதான் இருந்தாரோ?

மீதியை வாசிக்க முடியவில்லை. தாளை ஸ்டூலில் வைத்துவிட்டு முழந்தாளிட்டாள். ஜனங்கள் அவள் விட்ட இடத்திலிருந்து தாங்களே "இரக்கமாயிரும்" என்று சொல்லி முடித்தார்கள்.

ஸ்தலம் முடிந்தால் அந்த வீட்டு ஆள் அடுத்த வீடு வரை சிலுவையைச் சுமப்பது வழக்கம். "புருஷன் இல்லையே, வேற யாராச்சும் எடுங்க" என்றது ஒரு குரல். மேரி எழுந்து தோளைக் கொடுத்தாள். கனமாக இருந்தது. தலையை நிமிர்த்தினால் மரம் வழுக்கியது, குனிந்தால்தான் நின்றது. குனிந்து நடந்தபோது மற்றவர்களின் பாதம்தான் தெரிந்தது. வெடித்த குதிகால்கள், ரப்பர் செருப்புகள். இவர்களுக்கெல்லாம் முன்னால் நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தோமே என்று வெட்கம் வந்தது. கூடவே, வெகுகாலமாக நெஞ்சில் கல்லாகக் கிடந்த ஏதோ ஒன்று இளகியது. யார் கைவிட்டாலும் இவர் இறங்கிப் போய்விட மாட்டார் என்று மட்டும் நிச்சயமாகத் தோன்றியது.

திங்கட்கிழமை கம்பெனி ஆபீசில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாமியப்பன், மேரியைப் பார்த்துப் புன்னகையோடு தலையசைத்தார். வெளியே பெஞ்சில் வேல்விழி உட்கார்ந்திருந்தாள். மெலிந்துபோயிருந்தாள், மேரி உள்ளே வருவதைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"கார்டைக் கழட்டச் சொன்னது யாரும்மா?"

"மேனேஜரய்யாதான் சார். நான் சேர்ந்த காலத்துலருந்து அவர் உத்தரவுதான்."

சாமியப்பனின் புன்னகை அப்படியே உறைந்தது. "மேரிம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சிட்டேன் சார்."

"சூப்பர்வைசர் வேல்விழி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவ, சொன்னதைச் செஞ்ச பிள்ளை. அவளும் கார்டு இல்லாத மிஷின்லதான் விரலை வெச்சுத் தச்சா."

"கார்டு வேணும்னு நீங்க கேட்டப்போ கூட யார் நின்னாங்க?"

மேரி திரும்பிப் பார்த்தாள். திறந்திருந்த கதவு வழியாகப் பெஞ்ச் தெரிந்தது. "யாரும் நிக்கல சார். நான் மட்டுந்தான்" என்றாள்.

வேல்விழி மேல் இருந்த பழி போயிற்று. கம்பெனிக்கு நோட்டீஸ் வந்தது. எல்லா மிஷினிலும் கார்டு நிரந்தரமாக ஏறியது. சாமியப்பன் மேனேஜராகவே இருந்தார். மேரிக்கு எந்த மிஷினும் கிடைக்கவில்லை. வேஸ்ட் குடோனுக்கே திரும்பிப் போனாள். இப்போது வேன் போகும்போது முக்காடு போட்டுக்கொள்வதில்லை. பெரிய வெள்ளியன்று புருஷனோடு கோயிலுக்குப் போய், எல்லாருக்கும் கடைசியாக வரிசையில் நின்று சிலுவையை முத்தமிட்டாள்.

வேல்விழி ஒரு வார்த்தை பேச வருவாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். ஈஸ்டருக்கு வருவாள் என்று நினைத்தாள். ஊர்த் திருவிழாவுக்கு வருவாள் என்று நினைத்தாள். வரவேயில்லை. கம்பெனியை விட்டு வெள்ளகோவில் பக்கம் ஒரு மில்லுக்குப் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள்.

அடுத்த வருஷம் ஆடி மாசம், மேரி பஸ் ஸ்டாண்டு வழியாக வந்துகொண்டிருந்தாள். காங்கேயம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் வேல்விழி உட்கார்ந்திருந்தாள். நேருக்கு நேர் பார்த்துவிட்டார்கள். மேரி கையை உயர்த்தப் போனாள். வேல்விழி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பஸ் நகர்ந்து, புகை விட்டு, வளைவில் திரும்பி மறைகிற வரை மேரி அங்கேயே நின்றாள். முதல் நாள் குத்தினது போலவே குத்தியது. ஆனால் அவ விழணும் என்று உதடு அசையவில்லை. அவளை நீரே பாத்துக்கிரும் ஆண்டவரே என்றுதான் வந்தது. சொல்லிவிட்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆரோக்கியராஜ் அவள் கண்ணைப் பார்த்தான். "என்னாச்சு? யாரப் பாத்த?"

மேரி பையைக் கீழே வைத்தாள்.

"நம்மூருப் பிள்ளை ஒண்ணு" என்றாள். "பஸ்ஸுல போச்சு."