தலைவர் வீட்டு நாயின் முன்னங்கால்

ஜேபஸ் கார்வின் இங்கிலாந்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்தபோது, கப்பல் பயணத்துக்கு ஈடாக ஏழு வருடம் உழைப்பதாக எழுதிக் கொடுத்திருந்தார். அது முடிந்த வசந்தத்தில் அவரிடம் இருந்தது ஒரு கோடரியும் ஒரு கம்பளியும்தான். இனி சொந்த நிலம் கிடைக்க, ஊரின் நிலப் பட்டியலில் பெயர் வர வேண்டும். பட்டியலை எழுதுபவர் ஊர்த் தலைவர் விட்காம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் நாங்கள் குடியேறிய மண் வெறும் மணல். மக்காச்சோளம் நடும் குழிதோறும், ஓடையில் ஏறிவரும் மீனை இரண்டிரண்டாகப் புதைத்தால்தான் பயிர் எழும்பும். மீன் வாடைக்கு நாய்கள் வந்து தோண்டிவிடும். ஆகவே நட்டதிலிருந்து நாற்பது நாள், எல்லா நாய்க்கும் ஒரு முன்னங்காலைத் தூக்கிக் கழுத்தோடு கட்டிவைக்க வேண்டும் என்பது ஊர்ச் சட்டம். கட்டாத நாய் தோண்டினால், நாய்க்காரரே தன் விதையோடு வந்து தன் கையால் மறுபடி நட வேண்டும். இதைக் கண்காணிக்க யாரும் முன்வரவில்லை. கூட்டத்தில் சிரித்துக்கொண்டே ஜேபஸ் தலையில் கட்டினார்கள்.

பத்தொன்பதாம் நாள் காலை என் அம்மாவின் வயலில் முப்பது குழிகள் கிளறிக் கிடந்தன. தலைவரின் காவல்நாய் நான்கு காலிலும் நின்று மீன் தின்றுகொண்டிருந்தது. நான் அப்போதுதான் கல்லூரி முடித்து வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் எழுதத் தெரிந்த முதல் ஆள். அம்மா மனு எழுதச் சொன்னாள். 'ஏதோ ஒரு நாய்' என்று எழுதினேன்.

ஜேபஸ் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கயிற்றை எடுத்தார்.

"விட்ரு ஜேபஸு," என்றாள் அம்மா. "அடுத்த வாரம் பட்டியல் படிக்கிறாங்க. நாய்க்கு ஒரு கால்தான் போகும், உனக்கு நிலமே போயிடும்."

"கால் எங்கக்கா போகுது? நாப்பதாம் நாள் அவுத்துடுவேன்."

தலைவர் வீட்டுக்கு நானும் அவர் பின்னால் போனேன். ஓநாய்கள் இரண்டு ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிப் போனதால்தான் நாயைக் கட்டவில்லை என்றார் தலைவர். அது பொய்யல்ல.

"மூணு கால் நாய் ஓநாயை என்ன பண்ணும், சொல்லு."

"ஒண்ணும் பண்ணாதுங்கய்யா. ஆனா ஊர் நாயெல்லாம் பத்தொம்பது நாளா நொண்டுது. எல்லார் வீட்டுலயும்தான் ஆடு இருக்கு."

சொல்லிக்கொண்டே ஜேபஸ் கயிற்றில் சுருக்குப் போட்டார்.

தலைவர் குனிந்து நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "கட்டு," என்றார்.

அன்று மதியம்வரை தலைவர் எங்கள் வயலில் மண்டியிட்டு, மீன் நாற்றத்தோடு முப்பது குழியும் நட்டார். ஆழம் போதாது என்று அம்மா இரண்டு முறை சொன்னாள். மறுபடி தோண்டினார். அந்த வாரமே ஓநாய் அவருடைய இன்னொரு குட்டியைக் கொண்டுபோனது.

அடுத்த வாரம், ஊர் கூடும் சபைவீட்டில் பட்டியலைத் தலைவரே படித்தார். ஜேபஸ் கார்வின், பன்னிரண்டு ஏக்கர், சதுப்புக்கு அப்பால். ஒப்பந்தம் முடித்தவருக்கு உரியது அவ்வளவுதான். பழிவாங்கலையோ பரிசையோ எதிர்பார்த்து நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஏக்கர் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. அந்த நிலத்தில் எங்களுக்கு முன்பு நட்ட பூர்வகுடிகள்தான் எங்களுக்கு மீன் புதைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் எங்கே என்று அன்று யாரும் கேட்கவில்லை. படித்த நானும் கேட்கவில்லை.

நாற்பதாம் நாள் விடிந்ததும் கயிறு அவிழ்க்க ஜேபஸ் முதலில் போனது தலைவர் வீட்டுக்குத்தான். தலைவர் நாயைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார்.