எழுந்து ஓடின நெருப்புப் படை

கும்மிடிப்பூண்டியில இரும்பு உருக்குற கம்பெனியில எனக்கு உலை வேலை. மழையில நனைஞ்ச பழைய இரும்பைக் காயவைக்காம ஒருநாள் உலையில கொட்டிட்டாங்க. ஈரம் பட்டதும் உலை வெடிச்சு, இரும்புக் குழம்பு என் கூட்டாளி ஏழுமலை மேல கொட்டிடுச்சு. அவன் எழுந்திருக்கவே இல்ல.

அன்னிக்கு ராத்திரி ஊட்டுக்கு வந்தா, என் பொண்ணு டிவியில கார்ட்டூன் பார்த்துக்கினு இருந்தா. நெருப்பு வீசுற படைக்கும் தண்ணி வீசுற படைக்கும் யுத்தம். ஒருத்தி ஆத்தையே தூக்கி நெருப்புப் படை மேல ஊத்தினா. வெடிக்கப் போவுதுன்னு நான் பொண்ணை இழுத்துக்கினு கட்டிலுக்கு அடியில பாய்ஞ்சேன்.

"இன்னா நைனா, பயந்துட்டியா? அவங்கல்லாம் எழுந்து ஓடுறாங்க பாரு"ன்னா.

எட்டிப் பார்த்தேன். நெஜமாவே எல்லாரும் எழுந்து ஓடினாங்க.

அதுக்கப்புறம் அந்தத் தொடரை நான் ஒருநாளும் விட்டதில்ல. யார் ஜெயிக்கிறாங்கன்னு அவ பார்ப்பா. விழுந்தவன் எழுந்திருக்கிறதைப் பார்க்கத்தான் நான் உக்காருவேன்.