ரெஜினா அக்காவும் யாருக்கும் தெரியாத சண்டையும்

போன செவ்வாய்க்கிழமை காலை ரெஜினா அக்காவின் எண்ணிலிருந்து நம் கம்பெனிப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு எழுத்தில் ஒரு செய்தி வந்தது. அதைப் படிக்கும் முன்பே ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கா ஒருநாளும் எழுதி அனுப்பியவர் இல்லை. பஸ்ஸில் ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டாவது வாயால்தான் பேசி அனுப்புவார். பாதிப் பேச்சைக் கண்டெய்னர் லாரியின் ஹாரன் விழுங்கியிருக்கும். இந்தச் செய்தியை எழுதியது அவருடைய தம்பி. மஞ்சள் காமாலைக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த அக்கா விடியும் முன் இறந்துவிட்டார் என்று இரண்டே வரி.

திருவொற்றியூரில் நம் கார்மென்ட்ஸ் கம்பெனியில் அக்கா துணி தேய்க்கும் மேசையில் நின்றவர். நானோ, மற்றவர்கள் தைத்து வரும் சட்டைகளில் தொங்கும் நூலை வெட்டுகிறவள். ஒன்பதாவதோடு படிப்பை விட்டு வேலைக்கு வந்த எனக்கு நாலு பேர் நடுவில் வாய் திறக்க வராது. ராஜாக்களும் பறக்கும் நாகங்களும் வரும் அந்தத் தமிழ் டப்பிங் தொடரைப் பார்க்க, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ராயபுரத்தில் தன் வீட்டுக்கு அக்கா நம்மை அழைப்பார் அல்லவா, அப்போது என்னையும் அழைத்தார். "பேசாட்டி போ. வந்து குந்து, பஜ்ஜி துன்னு. கூட்டம் கூடுனா எனக்கு அது போதும்" என்றார். கதவோரம் கடைசி ஆளாக உட்கார்ந்துகொள்வேன்.

பெரிய சண்டை வரும் பாகத்தன்று அக்கா ஜன்னலில் போர்வையே கட்டிவிட்டார். அது உங்களுக்கும் நினைவிருக்கும். கத்திகள் மோதும் சத்தம் கேட்டது, யாரோ அலறினார்கள், திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. தையல் பிரிவு கமலா அக்கா எழுந்து போய் டிவியைப் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினார். வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தோம். கறுப்பு போய்ச் சாம்பல் நிறம் வந்தது. "த பாரு, இப்ப மணலி ஃபேக்டரி புகை மாதிரி கீது" என்றார் கமலா அக்கா.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சண்டை நம் கூடத்துக்கு வந்துவிட்டது.

"காசு பத்தல. லைட்ட அணைச்சுட்டு எடுத்துட்டானுங்க" என்றார் கமலா அக்கா.

"ராத்திரில நடக்கிற சண்டைக்கு டியூப் லைட்டா கட்டுவாங்க?" ரெஜினா அக்கா விடவில்லை. "இருட்டுல மாட்டிகினவனுக்கு இன்னா தெரியுமோ, அதத்தான் நமக்கும் காட்றான்."

"நான் இன்னா மாட்டிகினா கீறேன்? பஜ்ஜி துன்னுகினு கீறேன். எனக்குத் தெரியணுமா வேணாமா?"

"தெரியாமத்தான் அந்த ராணி செத்துட்டான்னு அப்படி அழுதியா?"

"அது ராணி இல்லக்கா, குதிரை" என்று பக்கத்தில் இருந்த ஷபானா சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள்.

கமலா அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லா எடுத்தா ஏன் தெரியாது? போன வாரம் கோட்டை உச்சில ஒரு காக்கா குந்திகினு இருந்துச்சு. அதுகூட எனக்குத் தெரிஞ்சுது" என்றார்.

என்னையும் அறியாமல் நான் கேட்டுவிட்டேன்: "போன வாரம் உங்களுக்கெல்லாம் கோட்டை தெரிஞ்சுதா?"

நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். ரெஜினா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரம் பக்கம் கையைக் காட்டினார்.

"தேவி, மணி இன்னா?"

"இன்னும் மணி அடிக்கலக்கா."

"அடிக்கிறது இருக்கட்டும். பாத்து சொல்லு."

எனக்கு மங்கலாக ஒரு வட்டம்தான் தெரிந்தது, முள் தெரியவில்லை. அந்தப் பாகம் மற்றவர்களுக்குத்தான் அதிசயம். எனக்கு எல்லாப் பாகமும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. டிவி என்றால் பேச்சைக் கேட்பது, யார் என்று ஊகிப்பது என்றே நினைத்திருந்தேன். நூல் வெட்டுவது முகத்துக்கு அருகில் செய்யும் வேலை என்பதால் கம்பெனியில் யாருக்கும் இது தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்தே எழுதினேன். ஒன்பதாவதில் அவளை வேறு வகுப்புக்கு மாற்றினார்கள். அதன்பின் கரும்பலகையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. எனக்குப் படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் முடிவு செய்தார்கள். நானும் அதை நம்பினேன்.

அந்த வாரமே அக்கா என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். கண்ணாடி வந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டில் எனக்காகவே அதே சண்டையை மறுபடி போட்டார். கமலா அக்காவும் வந்திருந்தார். தன் பக்கத்துக்குச் சாட்சி கிடைத்துவிட்டது என்று ரெஜினா அக்காவுக்கு ஒரே குஷி.

"இப்ப சொல்லுடி. தெரியுதா, இல்லியா?"

நான் நன்றாக உற்றுப் பார்த்தேன். "இல்லக்கா. இருட்டாத்தான் கீது."

கமலா அக்கா கை தட்டினார். ரெஜினா அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "கடைக்காரன் கண்ணாடியை மாத்திக் குடுத்துட்டான்" என்றார். கடைசிவரை அவர் தன் கட்சியை விட்டுக்கொடுக்கவே இல்லை.

அன்று கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என்னிடம், மாலை வகுப்பில் சேர்ந்து தனியாகப் பத்தாவது பரீட்சை எழுதச் சொன்னார். வகுப்பில் புரியாவிட்டால் எப்படிக் கேட்பது, வெட்கமாக இருக்கும் என்றேன். அக்காவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "ஒரு நாள் இருட்டுக்கு ஊரே கூவுச்சு, தெர்ல தெர்லன்னு. எவளாவது வெக்கப்பட்டாளா? நீ இத்தினி வருசம் இருட்டுல குந்திகினு ஒரு வார்த்த சொல்லல. வெக்கப்படாம கூவு."

நான் சேர்ந்துவிட்டேன். வேலை விட்டதும் மாலை வகுப்பு. அக்காவை அடக்கம் செய்த மறுநாளும் போனேன். போகாதே என்று அம்மா சொன்னாள். போயே தீருவேன் என்றேன். ஆசிரியர் பலகையின் கீழ்மூலையில் பொடி எழுத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்டும் எனக்குத் தெரியவில்லை. முதல்முறை சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. எழுந்து நின்றேன்.

"சார், தெரியல."

"யாரும்மா அது?"

"நான்தான் சார், தேவி. பெருசா எழுதுங்க."

அவர் பலகையை அழித்தார். பின்னால் யாரோ "அப்பாடா" என்றார்கள். மேலிருந்து பெரிய எழுத்தில் கணக்கு மறுபடி வந்தது.

இந்தக் கண்ணாடியை இரண்டு வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாற்றிக்கொள்வேன். அன்று எழுந்து நின்ற குரல் ரெஜினா அக்கா கொடுத்தது. அதை என்னோடு வைத்துக்கொள்கிறேன்.