முன் சீட்டில் ஒரு தீயணைப்பான்

என் கணவருக்குத் துபாயில் ஒரு பெரிய கிடங்கின் பாதுகாப்புப் பிரிவில் வேலை. எது எப்போது தீப்பிடிக்கும் என்று யோசித்துக்கொண்டே இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அதனால், கீழக்கரை வீட்டுக்குக் கார் வந்து நானும் ஓட்டக் கற்றுக்கொண்டபோது, "பார்த்து ஓட்டு" என்று மற்ற வீட்டு ஆண்களைப் போல அவர் சொல்லவில்லை. "தீயணைப்பான் வாங்கிட்டியா?" என்றுதான் கேட்டார்.

வாங்கினேன். ஒரு கிலோ பவுடர் அடைத்த சிவப்பு உருளை. டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு அன்று மாலை வீடியோ காலில் பெருமையாகச் சொன்னேன்.

"காருல போயி உக்காரு. பெல்ட்டப் போடு" என்றார். போட்டேன். "இப்ப சிலிண்டர எடு."

"டிக்கில இருக்கே மச்சான்."

"அதான். எடு பாப்போம்."

பெல்ட் போட்டபடி எப்படி எடுப்பது? சரி, சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். அதற்கு இன்னும் கோபம் வந்தது. உருண்டு வந்து பிரேக்குக்கு அடியில் மாட்டினால் தீயே தேவையில்லையாம். உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்ட வேண்டும், அசையவும் கூடாது, முறையாக மாட்டு என்றார்.

மறுநாள் ராமநாதபுரத்தில் சீட் கவர் போடும் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரர் உருளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஸ்பீக்கர் மாட்டுவேன், கேமரா மாட்டுவேன். இத இங்கன யாரும் கேட்டதில்லையே அக்கா" என்றார். ஆனாலும் ஆர்வமாக டிரில்லை எடுத்துக்கொண்டு டிரைவருக்குப் பக்கத்து முன் சீட்டுக்குக் கீழே தலையை விட்டார்.

"நிறுத்துங்க!" என்று ஒரு குரல். டேஷ்போர்டில் சாய்த்து வைத்திருந்த என் போனிலிருந்து.

கடைக்காரர் பதறித் தலையை இடித்துக்கொண்டார். "யாருக்கா அது?"

"வீட்டுக்காரர். துபாய்ல இருக்காரு."

"கால்மேட்டத் தூக்கிப் பாருங்க தம்பி" என்றது போன். தூக்கினால், ஓட்டை போடப் பார்த்த அதே இடத்தில் கட்டுக்கட்டாக வயர் ஓடியது. அதன்பிறகு கடைக்காரர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. போனைக் கையில் எடுத்துக்கொண்டு, "அண்ணே, இங்கன பாருங்க அண்ணே" என்று அவர்கள் இருவருமே பேசிக்கொண்டார்கள். நான் போய் டீ குடித்துவிட்டு வந்தேன். வரும்போது முடிவாகியிருந்தது. சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் முன்பக்கத்து இரண்டு போல்ட்டுகளிலேயே ஓர் இரும்புப் பட்டையைச் சேர்த்து முறுக்கி, அதன்மேல் கிளாம்பை வைத்து, உருளையைப் படுக்கவைத்து மாட்டினார். ஓட்டையே இல்லை. பிடித்து ஆட்டினால் கார் ஆடியது, உருளை ஆடவில்லை. பெல்ட்டோடு சாய்ந்து கையை நீட்டினேன். எட்டியது.

சிக்கல் வீட்டில் ஆரம்பித்தது. அந்த முன் சீட்டு மாமியாருடையது. "காலடியில குண்டு வச்சிருக்கியே புள்ள, வெயில்ல வெடிச்சிறாதா?" என்றார். மகன் போனில் அரை மணி நேரம் விளக்கினார். மாமி நம்பவில்லை. ஆனால் அந்த உருளையை அவரால் சும்மா விடவும் முடியவில்லை. கார் கிளம்பியதும் குனிந்து, கிளாம்பின் கொக்கியைத் திறப்பார், மூடுவார். டக், டக். ஏர்வாடி போய்த் திரும்பும்வரை டக், டக். "மாமி, தேஞ்சுரும்" என்றால், "சும்மா இருக்குற கைக்கு ஒரு வேல" என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு நாள் காலையில் சாயல்குடிக்குப் போய்க்கொண்டிருந்தோம். மாமியின் தங்கை வீட்டில் பேரன் பிறந்திருந்தான். ஏர்வாடியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், முன்னால் போன பிக்கப் வண்டியின் பானட்டிலிருந்து புகை வந்தது. வண்டி ஓரம் கட்டி நின்றது. ஒரு விவசாயியும் அவர் மனைவியும் குதித்து இறங்கினார்கள். பின்னால் மூட்டை மூட்டையாகக் குண்டு மிளகாய். பானட் இடுக்கில் சின்னதாக நெருப்பு நாக்கு தெரிந்தது. அவர் பானட்டைத் தூக்கப் போனார்.

"அண்ணே, முழுசாத் திறக்காதீங்க! காத்துப் பட்டா பெருசாயிரும்!" என்று கத்திக்கொண்டே காரைத் தள்ளி நிறுத்தினேன். சாய்ந்து கையை நீட்டினால் கிளாம்பு காலி. நிமிர்ந்து பார்த்தால், மாமி உருளையைப் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ரோட்டில் நிற்கிறார்.

"பாத்துக்கிட்டு இருக்கியே, இந்தா புடி! பிஸ்மில்லாஹ் சொல்லு!"

சொன்னேன். உருளையின் பூட்டுப் பின்னை இழுத்துவிட்டுப் பிடியை அழுத்தினேன். கடற்காற்றை மறந்துவிட்டேன். பாதிப் பவுடர் திரும்பி வந்து என் முகத்திலும் மாமியின் முக்காட்டிலும் அப்பியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, காற்று முதுகில் படும் பக்கமாகச் சுற்றி ஓடினேன். அந்த அண்ணன் துணியைச் சுற்றிய கையால் பானட்டை நாலு விரல் அளவு தூக்கிப் பிடிக்க, இடுக்கு வழியாக உள்ளே அடித்தேன். நெருப்பு அமுங்கியது. ஒரு நிமிடம் பொறுத்து இன்னும் கொஞ்சம் அடித்தேன். அவ்வளவுதான், அணைந்துவிட்டது.

ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த அக்கா கேனில் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் கண்களை மட்டும் கழுவிவிட்டார். அவர் கணவர் மூட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "இம்புட்டு மொளகாயும் பத்தியிருந்தா, சாயல்குடி வரைக்கும் அத்தன பேரும் இருமிக்கிட்டே கெடந்திருப்பாக தாயி" என்றார். முதலில் மாமிதான் சிரித்தார். அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை.

கிளம்பும்போது ஒரு பை நிறைய மிளகாய் கொடுத்தார்கள். நான் மறுத்தேன். "சந்தோசமாக் குடுக்குறாக, வாங்கு" என்று மாமி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

காரில் ஏறியதும் துபாய்க்குக் கூப்பிட்டோம். திரையில் மாவு மில்லிலிருந்து வந்ததுபோல இரண்டு முகத்தைப் பார்த்ததும் என்ன ஆச்சு என்று பதறினார். நடந்ததைச் சொன்னேன். "யாருக்கும் ஒண்ணும் இல்லயே?" என்று மூன்று தடவை கேட்டார். அல்ஹம்துலில்லாஹ் என்றார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "காத்துக்கு எதுத்தாப்புல நின்னா அடிச்ச?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

சாயல்குடியில் தங்கை வீட்டுக் கூடம் நிறையப் பெண்கள். மாமி கதையைத் தொடங்கினார். முதல் தடவை சொல்லும்போது நான் அடித்தேன், அவர் எடுத்துக் கொடுத்தார். இரண்டாம் தடவை இருவரும் சேர்ந்து அடித்தோம். மூன்றாம் தடவை நான் கார் மட்டும் ஓட்டினேன். பேரனைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் மாமியைச் சுற்றியே உட்கார்ந்திருந்தார்கள். நான் இடியாப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் அதைக் கழற்றியவர் அவர்தானே. அந்த டக் டக்கைப் பற்றி அதற்குப் பிறகு நான் வாயே திறக்கவில்லை.

ஒரு தடவை அழுத்திவிட்டால், உள்ளே பவுடர் மிச்சம் இருந்தாலும் மறுபடி நிரப்பியே ஆக வேண்டுமாம். அந்த வாரமே ராமநாதபுரத்துக்குக் கொண்டு போனேன். மாமியும் கூடவே வந்தார். நிரப்பித் தருகிறவர் உருளையை எடைபோட்டுக்கொண்டிருக்க, மாமி கடை அலமாரியை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் தம்பி, இதவிடக் கொஞ்சம் பெருசா இருக்கா?"