பின் டயரும் மனைவியின் எடையும்

பைக் ஆடுவதற்குக் காரணம் என் மனைவியின் எடைதான் என்று மனதார நம்பினேன். வண்டி பழசானாலும் டயரின் மேல் பட்டன் பட்டனாக இருக்கும் ரப்பர் தேயவே இல்லையே! நம்பியதோடு நிற்காமல், பூந்தமல்லி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே போகும்போது அவளிடமே சொல்லியும் தொலைத்தேன். "நேரா டயர் கடைக்கு விடுங்க" என்றாள்.

கடைக்காரர் பின்சக்கரத்தைச் சுற்றினார். "அண்ணாத்தே, இத்த பாரு."

செயின் பக்கம் டயரின் ஓரம் வெடித்து, உள்ளே இருந்த டியூப் நெல்லிக்காய் அளவுக்கு வெளியே புடைத்திருந்தது.

"பட்டன் தேயலதான். வண்டி நின்னுகினே இருந்து ரப்பர் காஞ்சி வெடிச்சி கீது. ரெண்டு பேரும் இதுலயா வந்தீங்க?"

கேட்காமலே அவருடைய ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பலூன் மாதிரி அந்த மெல்லிய தோல், அத்தனை லாரிகளுக்கு நடுவே எங்கள் இரண்டு உயிரையும் பிடித்து வைத்திருந்திருக்கிறது. கண்ணை எடுக்க முடியவில்லை.

மனைவி குனிந்து புடைப்பை ஒற்றை விரலால் தொட்டாள். "என் எடையத் தாங்கிடுச்சு, பாத்தீங்களா?"

அதே அளவில் புது டயரும் டியூபும் மாட்டிக்கொண்டு மேனாம்பேடு வீட்டுக்குத் திரும்பினோம். அவள் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள். பைக் ஆடவில்லை.